நெட்டைப் பெண்

எங்கள் எட்டயபுரத்துக் கரிசல் காட்டிலே உயரமாக நிற்பது பனைமரம் ஒன்றுதான். அதை யாரும் குறை சொல்லுவதில்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளை கொஞ்சம் மளமளவென்று வளர்ந்துவிட்டாலோ, "இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது?" என்று தெருவே கவலைப்பட ஆரம்பித்துவிடும். என் உறவில் அப்படி ஒருத்தி இருந்தாள். பிறர் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே கூனி நடந்து பழகினாள். கடைசியில் அதுவே அவள் நடையாகிவிட்டது.

பக்கத்துக் கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கி என்றால் உயிர். அது குனிந்து ஆடுகிற ஆட்டம். கூடைப்பந்தோ நிமிர்ந்து ஆடுகிற ஆட்டம். கூடை பத்தடி உயரத்தில் இருக்கிறது. அதன் அடியில் நிற்கிற ஆளுக்கு 'சென்டர்' என்று பெயர். இடியும் தள்ளும் அவருக்குத்தான் அதிகம். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பறிப்பதும் அவர் பொறுப்பே. அமெரிக்காவில் ஜார்ஜ் மைக்கன் என்ற ஆறடி பத்தங்குல மனிதர் கூடையடியில் நின்றுகொண்டு புள்ளிகளைக் குவித்தார். சமாளிக்க முடியாமல், 1951-ல் கூடைக்கு முன்னாலிருக்கும் கட்டத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தினார்கள். ஒருவருடைய உயரத்துக்காக ஆட்டமே தன் கோட்டை மாற்றிக்கொண்டது!

நம் பக்கத்திலும் ஒரு சென்டர் உண்டு. கேரளத்துச் சங்கனாச்சேரியில் பிறந்த கீது அன்னா ஜோஸ், ஆறடி இரண்டங்குலம். முதலில் வாலிபால் ஆடியவர். பிறகு சென்னையில் தென்னக ரயில்வேயில் வேலை. ரயில்வே அணிக்காக ஆட்டம். இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் சங்கத்துக்காகவும் ஆடினார். அந்த நாட்டுச் சங்கமொன்றில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2011-ல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அமெரிக்க அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. இங்கே அண்ணாந்து பார்க்க வைத்த உயரம், அங்கே பலருக்கும் உள்ள உயரம். திரும்பி வந்து இந்தியாவுக்காக ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

அமெரிக்கா போய் வந்த கதையைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்லுவார்கள். எனக்கென்னவோ அந்த ரயில்வே வேலைதான் பெரிதாகப் படுகிறது. பந்தாடியதற்காக ஒரு பெண்ணுக்கு மாதா மாதம் சம்பளம் வருகிறது என்றால், அவளுடைய உயரத்தை வீட்டில் யார் குறை சொல்லப் போகிறார்கள்? பழித்த வாயே பெருமை பேசாதோ?

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கம்பமும் ஒரு வளையமும் நட்டுவைக்க அப்படி என்ன பெரிய செலவாகிவிடும்? அங்கிருந்து எல்லோரும் ஆஸ்திரேலியா போகவேண்டாம். அர்ஜுனா விருதும் வாங்கவேண்டாம். நெட்டையாக வளர்ந்த ஒரு பெண்ணிடம், "நிமிர்ந்து நில், அம்மா" என்று சொல்ல நமக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதாதா?