அம்பத்துமூன்று மணித் தூரம்

யாழ்ப்பாணத்துப் பாசையூர் அந்தோனியார் கோயில் பெருநாள் ஜூன் 13. கொடியேறினால் நவநாள் தொடங்கும்; நவநாளோடு விளையாட்டும் தொடங்கும். நீச்சல், வள்ளப் போட்டி, கயிறிழுத்தல் எல்லாம் கடற்கரையோடு முடிந்துவிடும். ஊரை விட்டு வெளியே போவது மரதன் மட்டும்தான். பெயர்தான் மரதன். 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் என்று உலகம் வைத்திருக்கும் கணக்கில் கால்வாசிகூடத் தேறாது. கோயில் முன்றலில் புறப்பட்டு, கொழும்புத்துறை கடந்து, அரியாலையில் கண்டி வீதியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். திரும்புமிடத்தில் ஒருவர் கதிரை போட்டிருந்து முழங்கையில் சிவப்பு மை தடவுவார். மை இல்லாமல் வருகிறவன் குறுக்கொழுங்கையால் வந்தவன்.

போகும்போது சோழகம் முதுகுப் பக்கம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அரியாலை வரைக்கும் முன்னுக்கு ஓடியவர்களை அந்தப் பெருநாளோடு ஊர் மறந்துவிடும்.

எங்களை ஓடப் பழக்கியவர் ஒரு சுவாமியார். வெள்ளை அங்கியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, விடியற்காலை இருட்டில் சயிக்கிளில் பின்னால் வருவார். விசில் இல்லை, நிறுத்தற் கடிகாரம் இல்லை. "மூச்சை எண்ணாத தம்பி, மணியை எண்ணு" என்பார். அம்பத்துமூன்று மணிச் செபமாலைதான் எங்கள் தூர அளவு. அருள்நிறை மந்திரத்தின் சொல்லுக்கு ஓர் அடி. செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ இரகசியங்கள். சிலுவை சுமக்கும் நாலாம் இரகசியம் வரும்போது எனக்கு விலாவில் கொளுவிப் பிடிக்கும். ஐந்தாவது முடிந்தால் அரியாலைப் பனைகள் தெரியும். வாய் மந்திரத்தைச் சொல்ல, மனம் வேறெங்கோ அலைவது செபமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும். ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கிய கேள்வி பதில்களில் பாதி என்னிடம் இல்லை. கால் படித்தது இன்னும் இருக்கிறது.

சுவாமியார் அடிக்கடி சொல்லும் கதை எரிக் லிடெல்லுடையது. ஸ்கொட்லாந்துக்காரர். 1924 பரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஆரம்பச் சுற்று ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் ஓடமாட்டேன் என்று நின்றவர். 400 மீற்றருக்கு மாறி 47.6 வினாடியில் தங்கம் எடுத்தார். பிறகு சீனாவில் மிஷன் வேலை. 1945இல் அங்கேயே ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மூளைக்கட்டி வந்து இறந்தார். எங்கள் மரதனோ ஞாயிற்றுக்கிழமை, முதற்பூசை முடிந்த கையோடு! இதை ஒருவன் கேட்டும் விட்டான். சுவாமியார் சயிக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டு, "ஓடுங்கோ" என்றார்.

அம்மம்மாவின் கரைச்சல் வேறு. நற்கருணை வாங்குமுன் பச்சைத் தண்ணியும் பல்லில் படக்கூடாது என்பது அவவின் சட்டம். அந்த உபவாசத்தை உரோமாபுரி 1964இலேயே ஒரு மணித்தியாலமாகக் குறைத்துவிட்டது. சேதி எங்கள் குசினி வரை வந்து சேரவில்லை. ஆகையால் வெறும் வயிற்றோடு பூசை, பூசையோடு ஓட்டம். வழியில் குளுக்கோஸ் மாவை உள்ளங்கையில் கொட்டுவார்கள், பாதித் தோடம்பழம் நீட்டுவார்கள். கைவிளக்கோடு படலையில் நின்று வழியனுப்பிய அதே அம்மம்மா, திரும்பி வரும்போது வீதியில் நின்று கத்துவா: "குனியாத மோனை, நிமிர்ந்து ஓடு!"

யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்த பிறகு பரிசுகளின் முகம் மாறியது. வெள்ளிக் கிண்ணம் போய் ஒரு கட்டிச் சவுக்காரம் வந்தது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம். கிண்ணத்தை விடச் சவுக்காரத்துக்குத்தான் உயிரைக் கொடுத்து ஓடினோம். வென்றவன் அதை முதலில் மாதா சுரூபத்தடியில் வைப்பான், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோவான். எண்ணெய் இல்லாததால் வீதியில் மோட்டார் வாகனம் அருமை. அந்த அளவில் ஓட்டக்காரனுக்குப் பொற்காலம் என்று சொன்னால் யாரும் அடிக்க வரலாம்.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில் இராயப்பர் கோயிலில் தஞ்சம் இருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. நாங்கள் தொட்டுத் திரும்பும் அதே கண்டி வீதியால், செம்மணி வெளி தாண்டி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி. மழை. முன்னால் நிற்பவரின் முதுகு நகர்ந்தால்தான் எங்கள் கால் நகரும். நான் ஓடத் தெரிந்தவன். என் தோளில் அம்மம்மாவின் கை. அவ செபமாலை சொல்லிக்கொண்டே வந்தா, நான் பிற்பாதி சொன்னேன். அம்பத்துமூன்று மணி முடிந்து பார்த்தால் முன்னால் அதே முதுகு, பக்கத்தில் அதே மதில். மறுபடி தொடங்கினா.

என்னோடு மரதன் ஓடியவர்களில் சிலர் இப்போது இல்லை. மிஞ்சியவர்கள் உலகம் முழுக்க. சவுக்காரத்தை அதிகம் வென்றவன் பரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்கிறான். தொலைபேசி எடுத்தால் கோயிலுக்குப் போகிறாயா என்று கேட்கமாட்டான். "ஓடுறியோ?" என்பான். அதற்கு நான் சொல்லும் பதிலில் மற்றதும் அவனுக்கு விளங்கிவிடும். போன மாரியில் கேட்டபோது, ரொறன்ரோவில் முழங்கால் உயரத்துக்குப் பனி, உள்ளுக்குள் மெசினில் ஓடுகிறேன் என்றேன்.

"மெசினிலயோ? அதில ஓடினா அரியாலை வருமோடா?" என்று சிரித்தான்.