சுற்றுக்கு இடையே ஒரு நிமிடம்

குத்துச்சண்டையில் மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு. லண்டனில் ஓர் இலவச சேனலின் ஒளிபரப்பு வண்டியில் நான் வேலை பழகிய காலத்தில், எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஒரு நிமிடம்தான். 12 சுற்று என்றால் 11 இடைவெளி; எல்லாம் விளம்பரக்காரர்களுக்கு முன்பே விற்றவை. விளம்பரம் முடிந்து திரும்புவதற்குள் மணி அடித்துவிட்டால் தொலைந்தோம். முதல் சுற்றிலேயே ஒருவர் மல்லாந்தால் அரங்கம் துள்ளும். வண்டிக்குள் எழவு வீடு. விற்ற விளம்பரத்தை எங்கே போடுவது?

வீட்டில் ஒரு சண்டைக்கென்று தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் கட்டணச் சண்டைக்கு அந்தக் கவலை கிடையாது. மணி அடிக்கும் முன்பே காசு வந்துவிடும். பிரிட்டனில் அது 1996 மார்ச்சில் டைசன்–புரூனோ சண்டையோடு வந்தது, 9.95 பவுண்டு. ஒரு பேச்சுக்கு, 5 லட்சம் வீடுகள் தலைக்கு 20 பவுண்டு கட்டினால் ஒரு கோடி பவுண்டு. சோப்பும் பீரும் விற்று 11 நிமிடத்தில் அதைக் கறக்க முடியாது. புரொமோட்டர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் எனக்குக் கோபமில்லை.

கட்டண ஒளிபரப்புக்குப் போனதும் என் வேலைதான் தலைகீழானது. இலவச சேனலில் செய்திநேரம் எங்களுக்காகக் காத்திருக்காது. கட்டண இரவிலோ, கடைசி நேரத்தில் வாங்குகிறவர்கள் நிறைய. அதனால் முதன்மைச் சண்டை தள்ளிக்கொண்டே போகும், நாங்கள் பேட்டியும் பழைய காட்சியுமாக இழுப்போம். காசு கொடுத்தவன் கொட்டாவி விடுவான்.

ஆனால் காசு கொடுக்க முகம் தெரிய வேண்டுமே? 1993இல் பென்–யூபேங்க் மறுமோதலை இலவசச் சேனலான ஐடிவியில் ஏறத்தாழ 1.65 கோடிப் பேர் பார்த்தார்கள். குத்துச்சண்டையே பிடிக்காத பாட்டிகளுக்கும் யூபேங்க்கின் நடை தெரியும். அமீர் கானும் அப்படித்தான்: 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் வெள்ளி வாங்கியதை பிபிசியில் நாடே பார்த்தது, பிறகு ஐடிவி வளர்த்தது. கட்டணச் சேனல் அறுத்தது பிறர் விதைத்த பயிரை. பிறகு விதைநெல்லுக்கு ஆள் குறைந்துகொண்டே போனது.

2008 செப்டம்பரில் கான் கட்டணத் திரைக்கு வந்தார். எதிரே பிரெஸ்காட் என்ற வீரர். நானும் பணம் கட்டி, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 54 விநாடியில் சண்டை முடிந்தது. டீ ஆறவில்லை. பழக்கதோஷம், மனசு ஒளிபரப்பாகாத விளம்பரங்களை எண்ணிக்கொண்டிருந்தது.