‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம்

ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பானிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை தரும். எத்தனை பைட்டுகள் என்று கேட்டால் 15. நம் இலக்கணத்துக்கோ 3. ஒற்றைத் தள்ளி எண்ணும் கட்டளைக் கலித்துறைக்கு 2. நான்கும் சரியான விடைகளே, கேள்விகள்தாம் வேறு. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று சொல்வது ஆவணத்தின் வேலை.

பழைய செய்யுள் நூல்களைத் தட்டச்சு செய்யும் சில நண்பர்களுக்காக, ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் சரங்களைக் கையாளும் செயற்கூறுகளுக்குத் தமிழில் ஒரு கையேடு வைத்திருக்கிறேன். சில பக்கங்கள்தாம். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் திருத்துவேன்.

மூல ஆவணம் இரண்டு அடுக்காக இருக்கிறது. செயற்கூறோடு ஒட்டியே வரும் சிறுகுறிப்பு ஒன்று. அதன் முதல் வரி தன்னளவில் முழு வாக்கியமாக நிற்க வேண்டும் என்பது மரபு. மற்றது, விரிவான பெருங்கையேடு. நூற்பாவும் உரையும் என்று சொல்லிவிடலாம். ஆனால் இளம்பூரணருக்கு இருந்த வசதி இங்கே இல்லை. அவர் உரை எழுதிக்கொண்டிருக்கும்போது தொல்காப்பியர் வந்து நூற்பாவை மாற்றிவிடவில்லை!

இதற்கு ஈமாக்ஸ்காரர்கள் கண்டிருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. மாற்றங்களைப் பட்டியலிடும் கோப்பில், கையேடுகளும் திருத்தப்பட்டுவிட்டன என்றால் அந்தக் குறிப்பின் தலையில் ‘+++’ என்று போடுவார்கள். கையேட்டில் மாற்றம் தேவையில்லை என்றால் ‘---’. எதுவும் இல்லையென்றால் உரை இன்னும் கடனாக நிற்கிறது என்று பொருள். செய்யாத வேலையை எல்லோரும் காணும் இடத்தில் இப்படி வைத்துவிடுகிற நேர்மை நம் பதிப்புலகத்துக்கும் வரலாம்.

2023இல் வந்த 29.1 பதிப்பில் ‘ஸ்ட்ரிங்-கிளிஃப்-ஸ்ப்ளிட்’ என்றொரு செயற்கூறு சேர்ந்தது. திரையில் ஒன்றாகச் சேர்ந்து தெரிவதை ஓர் அலகாகக் கொண்டு சரத்தைப் பிரிக்கும். ‘த’, ‘மி’, ‘ழ்’ என மூன்று. இதைச் சேர்க்கப் போனபோதுதான் ‘கேரக்டர்’ என்பதற்கு என்ன சொல்வது என்ற தொல்லை முழுதாக எழுந்தது. ‘எழுத்து’ என்றுதான் கை தானாக எழுதும்.

ஆனால் நண்பர் ஒருவர், மறைந்த தம் தாத்தாவின் கையெழுத்துப் பிரதியை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். எல்லாம் கட்டளைக் கலித்துறை. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அடிதோறும் எண்ணிச் சரிபார்க்க விரும்பினார். நீளம் கேட்கும் செயற்கூறு ‘எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும்’ என்று நான் எழுதிவைத்தால், எண் பொருந்தாத இடத்தில் அவர் கணினியைச் சந்தேகிக்க மாட்டார், தாத்தாவைத்தான் சந்தேகிப்பார். திருத்தவும் தொடங்கிவிடுவார். மறுப்பதற்குப் பெரியவரும் இல்லை.

ஆகவே ‘எழுத்து’ என்ற சொல்லை இலக்கணத்துக்கே விட்டுவிட்டு, யூனிகோடு தனித்தனி எண் கொடுத்திருக்கும் ஒவ்வொன்றையும் ‘குறி’ என்றேன். அழகான சொல் அல்ல. பொய் சொல்லாத சொல். கூடவே ஓர் எடுத்துக்காட்டு: ‘கோ’ என்பது க, ஓகாரக் குறி என 2 குறிகளாகவும் இருக்கலாம், ஓகாரத்தை ஏகாரக் குறி, கால் என்று பிரித்து 3 குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, நீளம் மட்டும் மாறும். புதிய செயற்கூறுக்கும் ஓர் எச்சரிக்கை எழுதினேன்: இது திரையின் கணக்கு, யாப்பின் கணக்கன்று. பிரித்தபின் புள்ளி பெற்றவற்றையும் ஆய்தத்தையும் நீக்கும் நான்கு வரி நிரலையும் அடியில் சேர்த்தேன். அந்த ஒரு பதிவு மற்ற எல்லாவற்றையும்விட நீண்டுவிட்டது, போகட்டும்.

நண்பர் இப்போது மூன்றாம் பதிகத்தில் இருக்கிறார். என் கையேட்டிலும் ‘+++’ போடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். ‘க்ஷ’ ஒன்றா இரண்டா என்ற குறிப்பு மட்டும் இன்னும் அது இல்லாமல் நிற்கிறது.