70 வளைவுகளும் ஒன்றரை அங்குலமும்

காரவள்ளியில் டீ குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கொல்லிமலை எதிரே சுவர் மாதிரி நிற்கும். அங்கிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் முதல்முறையாக பைக்கில் ஏறியபோது 12-வது வளைவோடு என் பயணம் முடிந்துபோனது.

அது மகனுடைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். வேலை கிடைத்து பெங்களூரு போனவன், வண்டியை நாமக்கல் வீட்டிலேயே விட்டுவிட்டான். எனக்கு வயது 47. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இருபது வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். மகன்தான் கியர் வண்டி கற்றுக்கொடுத்தான்.

'இந்த வயதில் எதற்கு பைக்' என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மா சோளக்காட்டுப் பக்கம் தனியாக இருக்கிறார். அப்பா மலையில் ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கீழே இறங்க மாட்டேன் என்றவர். அவர் போன பிறகு அம்மாவும் அதையே சொல்கிறார். பஸ்ஸில் போனால், திரும்பும் பஸ் நேரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மாவோடு பேச வேண்டும். ஸ்கூட்டரில் ஏறிவிடலாம். ஆனால், அத்தனை வளைவுகளையும் பெரும்பாலும் பிரேக்கை நம்பியே இறங்க எனக்கு தைரியம் இல்லை. பைக் என்றால் கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறங்கலாம்.

அன்று அந்த 12-வது வளைவு இடது பக்கம் திரும்பியது. மேலேயிருந்து இறங்கிய பஸ், வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. நிறுத்தினேன். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க வலது கால் பிரேக்கில் இருந்தது. இடது காலை ஊன்றினேன். தரை இல்லை! வளைவின் உள்பக்கம் சாலை சரிந்து தாழ்ந்திருந்தது. சமதரையில் நுனிவிரல் தொடும் கால், அங்கே காற்றில் தொங்கியது. கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி, என்னையும் சேர்த்து மெதுவாகச் சாய்த்துவிட்டது.

கண்டக்டரும் இரண்டு பயணிகளும் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள். முழங்கையில் சிராய்ப்பு, ஒரு கண்ணாடி போனது. "இவ்ளோ உயரமான வண்டி உங்களுக்கு எதுக்குங்கம்மா?" என்றார் கண்டக்டர். அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது. அங்கேயே திரும்பிவிட்டேன்.

நாமக்கல், லாரிக்குப் பெயர்போன ஊர். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு, ஏற்றப்போகும் சரக்கைக் கேட்டு அதற்கேற்ப பாடி கட்டிக்கொடுப்பார்கள். 'லாரிக்கே அளவு பார்க்கும் ஊரில் எனக்கு ஒரு அளவு பார்க்க மாட்டார்களா?' என்று தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் போனேன்.

"மொதல்ல வண்டியில உக்காருங்கக்கா" என்றார். சீட்டின் உயரம் 800 மில்லிமீட்டர். தரையிலிருந்து அடிப்பாகம் வரை 220 மில்லிமீட்டர் இடைவெளி. "இது கல்லு மேட்டுல போற வண்டி. அதுக்குத்தான் இந்த உயரம். எறக்குறது பெரிய வேலை இல்லீங்க. எறக்கினா என்னென்ன மாறும்னு தெரிஞ்சுக்கிட்டு எறக்கணும்" என்றார்.

முதலில் சீட்டைக் கழற்றி ஸ்பாஞ்சை 15 மில்லிமீட்டர் சீவினார். முன்பக்கத்து அகலத்தையும் குறைத்தார். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் நேராகக் கீழே இறங்காது. அகலத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்றார். ஸ்பாஞ்சை இன்னும் சீவலாமா என்று கேட்டேன். "ஐம்பது கிலோமீட்டர் போனதும் இடுப்பு பதில் சொல்லும்க்கா" என்று சிரித்தார்.

அடுத்தது சஸ்பென்ஷன். பின்பக்கம் ஷாக் அப்சார்பரைச் சக்கரத்தோடு இணைக்கும் தகடுகளை மாற்றி 25 மில்லிமீட்டர் இறக்கினார். முன்பக்கம் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாய்களை ஏறக்குறைய அதே அளவு மேலே தள்ளி மறுபடி முடுக்கினார். பின்னால் மட்டும் இறக்கினால் ஹேண்டில் திரும்ப மறுக்கும். ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முன்னால் மட்டும் இறக்கினால் வேகத்தில் வண்டி அலைபாயும். இரண்டையும் சேர்த்து இறக்கினால்தான் வண்டி பழைய குணத்தோடு ஓடும்.

சீட்டையும் சேர்த்து மொத்தம் 40 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். இப்போது இரண்டு முன்பாதங்களும் தரையில் பதிந்தன. "முழுப் பாதமும் பதியணும்னு ஆசைப்படாதீங்க. அதுக்கு மேல எறக்கினா பள்ளத்துல அடி தட்டும், வளைவுல சாய்ஞ்சா கால் வைக்கிற கம்பி ரோட்டுல உரசும்" என்றார்.

கிளம்பும்போது சைடு ஸ்டாண்ட் போட்டேன். வண்டி சாயாமல் நேராக நின்றது. லேசாகத் தொட்டாலே மறுபக்கம் விழுந்துவிடும் போலிருந்தது. வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் அதே நீளம்! பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொஞ்சம் வெட்டி ஒட்டினோம். செயின் தொய்வையும் ஹெட்லைட்டையும் சரிபார்த்தார். "சென்டர் ஸ்டாண்ட் போட மட்டும் இனிமே கஷ்டமா இருக்கும். பின்சக்கரத்துக்கு அடியில ஒரு பலகை வெச்சுக்கோங்க. பின்னாடி ஆள் ஏறினா ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கிக்கோங்க" என்றார்.

ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிப் பழகிய பிறகு, ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. அதே டீக்கடை. 12-வது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். இடது கால் சரிவைத் தொட்டது, விரல்களால்தான். ஆனால், அது போதும். 40-க்கு மேல் காற்று குளிர்ந்தது. மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருந்தது. குரங்குகள் தடுப்புச்சுவரில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்தன. 70-வது வளைவு முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, சும்மா பத்து நிமிடம் நின்றேன். அந்தப் பத்து நிமிடம் முழுக்க எனக்கே எனக்கு.

அம்மா வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "பின்னாடி நான் ஏற முடியுமா?" என்றார். 71 வயது. ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கினேன். என் தோளைப் பிடித்து, கால்வைக்கும் கம்பியில் மிதித்து ஏறிவிட்டார். பழைய உயரத்தில் அந்த முட்டிவலியோடு நிச்சயம் ஏறியிருக்க மாட்டார். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு மெதுவாகப் போய், சாமி கும்பிட்டுத் திரும்பினோம். வழியில் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைக் காட்டி, "அவரு குதிரைக்கும் உயரம் குறைச்சாங்களாடி?" என்று என் காதில் கேட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்ட் போடப் பார்த்தேன். மூன்று முறை மிதித்தும் வண்டி ஏறவில்லை. எடுத்துவர நினைத்த பலகையை நாமக்கல்லிலேயே மறந்திருந்தேன். அம்மா உள்ளே போய், அப்பா உட்கார்ந்து சாப்பிடும் பழைய மணையைக் கொண்டுவந்து கொடுத்தார். பின்சக்கரத்தை அதன் மேல் உருட்டி நிறுத்தி மிதித்தேன். வண்டி 'டக்'கென்று நின்றது.

"இது இங்கேயே வாசல்ல இருக்கட்டும். அடுத்த வாரமும் வருவே இல்ல" என்றார் அம்மா.