அடி முடி தேடும் ஊரில்

திருவண்ணாமலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பௌர்ணமியன்று 14 கிலோ மீட்டர் கிரிவலம் வந்து கால் வலித்திருப்பீர்கள். கிழக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "217 அடியாமே!" என்று வியந்துவிட்டுத் தரிசன வரிசையில் போய் நின்றிருப்பீர்கள். நானும் இத்தனை காலம் அப்படித்தான்.

இந்தத் தடவை அக்காள் மகன் கூட வந்தான். பௌதிகம் படித்தவன். அணுவுக்குள் இருக்கும் நுண்துகள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான்.

"ஆராய்ச்சி என்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாயோ?" என்று கேட்டேன்.

"இல்லை சித்தி. நாள் முழுவதும் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறேன்" என்றான். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

பிரகாரம் சுற்றும்போது ஒரு சுவரருகே நின்றோம். (பகலில் போனால் விரிப்பின் மேலேயே நடங்கள், கல் அப்படிச் சுடுகிறது!) சுவர் முழுக்க வரி வரியாகக் கல்வெட்டு. தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கிய எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி விளக்கெரிக்க நிலம் கொடுத்திருப்பாளோ என்னவோ! கல் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, படிக்கத்தான் தெரியவில்லை. நல்லவேளையாகக் கல்வெட்டு அறிஞர்கள் படித்து வைத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1990-இல் அவற்றைப் புத்தகமாகவும் வெளியிட்டது.

"எங்கள் தொழிலிலும் இதே சங்கடம்தான்" என்றான் பையன். மண்டப நிழலில் உட்கார்ந்து கதையைக் கேட்டேன்.

பிரம்மாவும் விஷ்ணுவும் நெருப்புத் தூணின் முடியையும் அடியையும் தேடிய ஊர் அல்லவா இது? விஞ்ஞானிகளும் பொருளின் அடியைத்தான் தேடுகிறார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில், 27 கிலோ மீட்டர் வட்டச் சுரங்கத்தில் புரோட்டான்களை ஒன்றோடொன்று மோத விடுகிறார்கள். (அங்கே இந்தியா அளித்த நடராஜர் சிலை ஒன்று 2004 முதல் நிற்கிறது. சிதம்பரத்துக்கு அடித்தது யோகம்!) விநாடிக்குச் சுமார் 100 கோடி மோதல்கள். அத்தனையையும் யார் பார்ப்பது? நாம் முறத்தில் புடைப்பதுபோல், பதரைத் தள்ளி மணியை நிறுத்துவது புரோகிராம்தான். 2012-இல் ஹிக்ஸ் துகள் அகப்பட்டதும் அப்படிப் புடைத்துத்தான்.

2030 வாக்கில் மோதல்கள் பல மடங்கு பெருகப் போகின்றன. பழைய முறம் போதாது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்காகப் பிறந்த சில்லுகள் இப்போது ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே சமயத்தில் போடுகின்றன. அவற்றுக்கு ஏற்றபடி பழைய புரோகிராம்களைத் திருத்தி எழுத வேண்டும். அவையோ கோடிக்கணக்கான வரிகள்! எழுதியவர்களில் பலர் மாணவர்கள். பட்டம் வாங்கிக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய அரசு அனுமதி தந்தது. மலை என்னாகும், தண்ணீர் என்னாகும் என்று ஊரார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வழக்குகளும் வந்தன. 50,000 டன் இரும்பில் எழ வேண்டிய கருவி எழவில்லை. 85 டன்னில் ஒரு சிறிய மாதிரி மட்டும் மதுரையில் செய்தார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்குள் பெரிய கருவியை எப்போதோ கட்டி விட்டார்கள்! பல நாட்டார் சேர்ந்து எழுதி 1998-இல் வெளியிட்ட 'ஜியான்ட்-4' என்ற புரோகிராமின் உதவியால், எந்தத் துகள் எத்தனை இரும்புத் தகடுகளைத் துளைக்கும், காந்தத்தில் எந்தப் பக்கம் வளையும் என்றெல்லாம் கணக்கிட்டுக் கட்டுரைகளும் எழுதினார்கள். கட்டாத வீட்டில் குடியிருந்து பார்த்த மாதிரி!

"அந்த புரோகிராமைப் பிற்பாடு யாராலும் படிக்க முடியாமல் போனால்?" என்று கேட்டேன்.

அப்படியும் நடந்திருக்கிறதாம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1979 முதல் 1986 வரை 'ஜேட்' என்ற சோதனை நடந்தது. பத்து வருஷம் கழித்து, புதிய கொள்கைகளைச் சரிபார்க்க அந்தப் பழைய அளவுகள் தேவைப்பட்டன. மோத விட்ட இயந்திரமோ வேறு வேலைக்குப் போய்விட்டது. மறுபடி அளக்க வழியில்லை. நாடாக்கள் இருந்தன, அவற்றைப் படிக்கும் புரோகிராம் பழைய கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. முக்கியமான ஒரு பட்டியல் காகிதத்தில் மட்டுமே மிஞ்சியிருந்தது. காரியதரிசி அம்மாள் ஒருத்தி உட்கார்ந்து எண் எண்ணாக அதைத் திரும்பத் தட்டினாளாம். அதன் பிறகே ஆராய்ச்சி நகர்ந்தது. பெரிய பெரிய பேராசிரியர்களின் ஆராய்ச்சி, கடைசியில் ஒரு பெண்ணின் பொறுமையில் வந்து நின்றதைப் பார்த்தீர்களா?

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சித்தி, அடுத்த மாதம் நான் வேறு ஊருக்கு மாறுகிறேன். மூன்று வருஷமாக எழுதிய புரோகிராமில் எந்த வரி எதற்கு என்று ஒரு குறிப்புக்கூட எழுதி வைக்கவில்லை" என்றான்.

"ஏண்டா?"

"குறிப்பு எழுதினால் யார் பாராட்டப் போகிறார்கள்? கட்டுரை எழுதினால்தானே வேலை கிடைக்கும்!"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

திரும்புகையில் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மலை வெகு தூரம் கூடவே வந்தது. பக்கத்தில் அவன் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான். செஞ்சிக் கோட்டை தெரிந்தபோது, "அதோ பாருடா!" என்றேன். நிமிரவே இல்லை.