மூன்றாவது கியர்

வேலை போன ஒன்பதாவது நாள், காரை நாலு ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி நிறுத்தினேன்.

எச்-1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு நிறுவனம் நமக்காக விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே அந்த மின்னஞ்சலைப் படித்தேன். வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. மனைவிக்கு அப்போது நாலாவது மாதம்.

"இப்ப இது தேவையா?" என்று அவள் கேட்டாள். கராஜ் வாசலில் நின்றிருந்தாள். என் கையில் ஸ்பேனர்.

"காலையில முழுக்க அப்ளிகேஷன்தான் போடறேன். மத்தியானம் சும்மாதானே இருக்கேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது நேரத்தைப் பற்றி இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

கார், 2000-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. இரண்டே சீட், மடக்கும் துணிக்கூரை, 1.8 லிட்டர் என்ஜின், 5 கியர். 1989-இல் முதல் மியாட்டா வந்தபோது, அதை உருவாக்கிய ஜப்பானியப் பொறியாளர்கள் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லைத் தங்கள் இலக்காக வைத்திருந்தார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாகிவிடுவது என்று பொருள். வேகத்தில் இதைவிடப் பெரிய கார்கள் ஆயிரம் உண்டு. ஆனால் இதன் கியர் கம்பியை மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தள்ளினால் போதும், 'க்ளக்' என்று போய் உட்காரும். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், கொஞ்சம் பணம் சேர்ந்ததும், யாரையும் கேட்காமல் வாங்கிய முதல் பொருள் அது.

ஒரே குறை, ஹைவேயில் கத்தும். 280-இல் 65 மைல் வேகத்தில் போகும்போது டாக்கோமீட்டர் முள் 3,400-க்கும் 3,500-க்கும் நடுவில் நிற்கும். இன்னொரு கியர் இருக்காதா என்று கை தானாகவே கம்பியைத் தேடும். பின்னால் வந்த மியாட்டாக்களில் 6 கியர் உண்டு, அது இந்த என்ஜினில் அப்படியே பொருந்தும் என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. பழைய கார் உடைக்கும் இடம் ஒன்றில் ஒரு கியர்பாக்ஸ் கிடைத்தது. வாங்கி வந்து ஆறு மாதம் கராஜிலேயே போர்வை போர்த்திக் கிடந்தது. நேரம் இல்லை. இப்போது நேரம் மட்டும்தான் இருந்தது.

உதவிக்கு அண்ணன் வந்தார். மூன்று தெரு தள்ளி இருப்பவர், கோயம்புத்தூர்க்காரர். அப்பா சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்தாராம். இவர் இங்கே சிப் கம்பெனியில் வேலை பார்த்தாலும் விரல் நகங்களுக்குள் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். வந்ததும் புது கியர்பாக்ஸைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பின்னாடி கிரௌன் பினியன் எத்தன பல்லுங்க?"

"அது பழசேதாங்கண்ணா. அதத் தொடல."

"எதுக்கும் கணக்குப் பாத்துக்கிட்டீங்களா?"

"ஆறு கியருண்ணா. ஒண்ணு கூட வருதில்ல."

அண்ணன் 'ம்ம்' என்றார். அந்த 'ம்ம்'மை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஆனது. மியாட்டாவில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்திருக்கும். முதலில் அதைக் கழற்ற வேண்டும். பிறகு புரொபெல்லர் ஷாஃப்ட். பிறகு பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்கள். அவை கண்ணுக்கே தெரியாது. மூன்று எக்ஸ்டென்ஷன் கம்பிகளை ஒன்றோடொன்று செருகி, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, தடவித்தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு இரண்டு மத்தியானம் போனது. இரண்டாவது நாள் அது 'டக்' என்று இளகியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துரு விழுந்துவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் துணியை நீட்டினார், வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் நான்கு நேர்காணல்கள், நான்கு நிராகரிப்புகள். "எந்த லெவலை எதிர்பார்க்கிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்டார்கள். இருந்ததைவிட ஒரு படி மேலே சொன்னேன். பத்து வருடமாக நான் கற்றுக்கொண்ட ஒரே கணக்கு அதுதான். அடுத்தது எப்போதும் மேலே இருக்கும்.

கிளட்ச் பிளேட்டை மையம் பார்த்து மாட்டி, ஜி.எல்-4 கியர் ஆயில் ஊற்றி, இருபத்தாறாவது நாள் வண்டியை இறக்கினோம். மனைவியை உட்கார வைத்துக்கொண்டு 280-இல் ஏறினேன். ஐந்து. பிறகு, கை இத்தனை நாள் தேடிய அந்த ஆறு. 65 மைல்.

முள் 3,500-ஐத் தாண்டி நின்றது.

திரும்பவும் பார்த்தேன். முன்பைவிட அதிகம். கியர் மாறவில்லையோ என்று கம்பியை அழுத்திப் பார்த்தேன். அது ஆறில்தான் இருந்தது.

"என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அன்று இரவுதான் எண்களை எழுதிப் பார்த்தேன். பழைய பாக்ஸின் ஐந்தாவது கியர் 0.814. புதியதின் ஆறாவது 0.843. அதாவது ஆறாவது கியர், பழைய ஐந்தாவதைவிடக் கொஞ்சம் குட்டை. பின்னால் கிரௌனில் 43 பல், பினியனில் 10, விகிதம் 4.3. அதை மாற்றாமல் விட்டால் ஒரே வேகத்துக்கு என்ஜின் முன்பைவிட அதிகம்தான் சுற்றும். அந்த ஆறு கியர் பாக்ஸோடு வந்த கார்களில் பினியனுக்கு 11 பல், விகிதம் 3.909. அதையும் சேர்த்து மாற்றியிருந்தால்கூட 200 சுழற்சிதான் குறைந்திருக்கும். எல்லாம் ஆறு மாதமாக என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த எண்கள். கோட் ரிவ்யூவில் அடுத்தவனிடம் 'டாக்குமென்டேஷன் படித்தாயா' என்று கேட்கிறவன் நான்.

அப்படியென்றால் கூடுதல் கியர் எங்கே போனது?

அதற்குப் பதில் நாலு நாள் கழித்து, மலையில் கிடைத்தது. சரடோகாவிலிருந்து ஒன்பதாம் நம்பர் சாலை ஸ்கைலைன் வரை வளைந்து வளைந்து ஏறும். செம்மரங்களுக்கு நடுவில், அடுத்தடுத்து கொண்டைத் திருப்பங்கள். பழைய பாக்ஸில் அங்கே எனக்கு எப்போதும் ஒரு தவிப்பு இருக்கும். இரண்டில் போனால் அலறும், மூன்றுக்குப் போனால் மூச்சு வாங்கும். இரண்டாவது 1.888, மூன்றாவது 1.330. இடையே பெரிய பள்ளம். புதிய பாக்ஸின் மூன்றாவது 1.645. சரியாக அந்தப் பள்ளத்தின் நடுவில் வந்து விழுகிறது. திருப்பத்தில் மூன்றில் போட்டேன். அலறவும் இல்லை, திணறவும் இல்லை. இழுத்துக்கொண்டு போனது.

உச்சியில் நிறுத்திவிட்டு அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க. சொன்னா கேக்கற நெலமையிலயா இருந்தீங்க? கையில வேல இருந்தாத் தேவலைன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேசினேன். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள், நான் கேட்பதற்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்கிறது. நான் அடுத்த லெவலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இடம் கிடைத்தது. பதவியில் ஒரு படி கீழே. சம்பளத்தை டாலரில் பெருக்கிப் பார்ப்பதை இரண்டாவது நாளே நிறுத்திவிட்டேன்.

காரை வாங்க ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "ஆறு கியரா? அப்படியென்றால் ஹைவேயில் அமைதியாக இருக்குமே" என்றான் ஆங்கிலத்தில். தலையாட்டியிருக்கலாம், இன்னும் ஐந்நூறு டாலர் கூடக் கேட்டிருக்கலாம். இருக்காது என்று சொல்லி, தாளில் பல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பிறகு மலைச் சாலையின் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அவன் முகம் முதலில் சுருங்கி, பிறகு விரிந்தது. மாலைக்குள் பணத்தோடு வந்துவிட்டான். ஐம்பத்தெட்டாவது நாள் விமானம் ஏறினோம்.

இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு பழைய ஐந்து கியர் ஹேட்ச்பேக். பெரும்பாலும் இரண்டாவதைத் தாண்டுவதில்லை. பின்சீட்டில் ஒருத்தி தூங்குகிறாள்.

போன வாரம் அண்ணன் அழைத்தார். "தம்பி, உங்க பழைய கியர்பாக்ஸு இங்கதான் கெடக்குதுங்க. என்ன பண்ணட்டும்?"

"இருக்கட்டுங்கண்ணா."

"சரிங்க. போர்வ போத்தி வெக்கறேன்."