நிலக்கரி ரயிலுக்கு ஏன் டீசல்?

'வேர்க்கர்ஸ் அண்ட் ரிசோர்சஸ்: சோவியத் ரிபப்ளிக்' நகரம் கட்டும் கேம்களில் கொஞ்சம் கடுமையானது. 2019இல் வெளிவரத் தொடங்கி 2024இல் முழுமையடைந்தது. அதில் எங்களை ஆகலும் யோசிக்க வைக்கிறது மின்சார ரயில்தான்.

ரயில் மெதுவாகினால், மின் நிலையம் இன்னொன்று கட்டினால் சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பாரத்தோடு வேகம் எடுக்கும்போதுதான் ரயில் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். நாலு ரயில் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டால், அதைக் கம்பியும் உபமின் நிலையமும் தாங்க வேணும். நிலையத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தும், தண்டவாளம் வரை வந்து சேராட்டிப் பிரயோசனமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டு போறதும் மின்சார ரயில் என்றால்? கரண்ட் நிண்டால் ரயில் நிக்கும். ரயில் நிண்டால் நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லாட்டிக் கரண்ட் இல்லை. அதனால்தான் அந்தப் பாதையில் மட்டும் நாங்கள் டீசல் எஞ்சின் விடுகிறோம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, கரண்ட் இல்லை. தொழிற்சாலை நிண்டால் ஏற்றுமதி குறையும், பிறகு டொலர் இன்னும் குறையும். அதுவும் இதே வட்டம்தான். நாடு முழுக்க மின்சாரம் போகிற நாட்களில் நீர்மின் நிலையங்களைத்தான் முதலில் இயக்குவார்கள். அவை எழும்ப வெளி மின்சாரம் பெரிதாகத் தேவையில்லை.

புதுப் பாதை போடும் ஒவ்வொரு முறையும் இப்போது நாங்கள் கேட்கிற கேள்வி: எல்லாம் நிண்டால், முதலில் எது எழும்பும்?